சீன மாணவர்கள் ஏன் எல்லாவற்றுக்கும் ‘சடன்லி’ போடுகிறார்கள்?

2024 பிப்ரவரி 3 – கேள்வி

சென்னையில் இருந்துகொண்டு, சீனாவின் செங்டு நகரத்துப் பெரியவர்கள் சிலருக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எதிர்பாராமல் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் போதும், ‘சடன்லி’ மழை வந்தது, ‘சடன்லி’ நண்பன் வந்தான், ‘சடன்லி’ எனக்குப் பசித்தது என்று வரிக்கு வரி அதே சொல்தான். பொறுக்காமல் ஒத்த சொற்களின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தேன். இப்போது ‘அன்எக்ஸ்பெக்டெட்லி’ எனக்குப் பசித்தது என்கிறார்கள். வியப்பைச் சொல்ல சீன மொழியில் சொற்களே குறைவு என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

குறைவா? கொட்டிக் கிடக்கிறது. அதுதான் சிக்கலே.

நான் சிங்கப்பூரில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் ‘பெய்டு மாமா’க்கள். நம் ஊர் மாமா இல்லை; அங்கே மாமா என்றால் அம்மா. பிள்ளையை இங்குள்ள பள்ளியில் சேர்த்துவிட்டுத் துணைக்கு வந்து தங்கியிருக்கும் சீனத் தாய்மார்கள். மீதிப் பேர் கட்டுமானத் தளங்களிலும் உணவகங்களிலும் வேலை செய்பவர்கள். ‘சடன்லி’ நோய் எல்லோருக்கும் உண்டு.

அவர்கள் மொழியில் ‘ரான்’ என்று முடியும் ஒரு குடும்பமே இருக்கிறது. ‘தூரான்’, ‘ஹூரான்’ இரண்டும் நிகழ்ச்சியின் வேகத்தைச் சொல்பவை, நம் ‘திடீரென்று’. ‘ஜூரான்’, ‘ஜிங்ரான்’ வேறு வகை. வேகத்தோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. சொல்பவர் ஒன்று நினைத்திருக்க, நடந்தது வேறு. ‘குவோரான்’ என்றால் நினைத்தபடியே நடந்தது.

‘அவன் ஜூரான் வந்தான்’ என்று ஒரு சீனர் சொன்னால், ‘அட, அவன் வந்தேவிட்டான்!’ என்று பொருள். நாம் ஏகாரத்தை வைத்துச் செய்வதை அவர்கள் வினைக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லை வைத்துச் செய்கிறார்கள். அதே இடத்தில் அதே எடையில் உட்கார ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. அகராதியைப் புரட்டினால் ‘அன்எக்ஸ்பெக்டெட்லி’ என்று போட்டிருக்கும். அலுவலக அறிக்கையில் எழுதலாம்; காப்பிக் கடையில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

பட்டியலைக் குப்பையில் போடுங்கள்.

பிப்ரவரி 4

குப்பை என்றது கேட்டவருக்குச் சுருக்கென்றதாம். இருக்கட்டும், காரணத்தைச் சொல்கிறேன்.

சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. ‘நின்றுகொண்டிருந்தேன்’ என்பதைச் சொல்ல வினைக்கு முன்னால் ‘ஜெங்ஸாய்’ சேர்ப்பார்கள். அடுத்த காட்சிக்குத் தாவ ‘தூரான்’. ஒரு கையில் ஜெங்ஸாய், மறு கையில் தூரான், கதை நகர்ந்துவிடும். அவர்கள் கட்டுரையில் வரும் ‘சடன்லி’ பாதி நேரம் வியப்புக்காக வருவதில்லை. ‘காட்சி மாறுகிறது, கவனியுங்கள்’ என்பதற்கான கைகாட்டி அது.

ஆங்கிலத்தில் அந்த வேலையை வினையின் வடிவமே செய்துவிடும். ‘ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் தி பஸ் வென்’ என்று சொல்லி நிறுத்துங்கள். கேட்பவர் காதைத் தீட்டிக்கொள்வார். அந்த ‘வாஸ் வெயிட்டிங்’ ஏதோ குறுக்கிடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. ‘வென்’ வந்தபின் நாய் குரைத்தாலும் மாமியார் வந்தாலும் அதுதான் எதிர்பாராதது. தனியாக ‘சடன்லி’ தேவையே இல்லை.

என் வகுப்பில் ‘வென்’னோடு நிறுத்திவிட்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். ஒரு கட்டுமானத் தொழிலாளி, “நான் குளித்துக்கொண்டிருந்தேன், அப்போது...” என்று நிறுத்தினார். பக்கத்திலிருந்த அம்மா முகம் சிவந்து, “தண்ணீர் நின்றுவிட்டது” என்றார். வகுப்பே சிரித்தது. ‘சடன்லி’யை அன்று யாரும் தேடவில்லை.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. ‘சடன்லி’யைத் தடை செய்யாதீர்கள். தடை செய்தால் ‘ஆல் ஆஃப் எ சடன்’ என்று வேறு வேஷத்தில் வந்து நிற்கும்.

பிப்ரவரி 6

“அப்படியானால் எந்தெந்தச் சீனச் சொற்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரிய தொல்லை தருபவை, என் அனுபவத்தில், இரண்டு.

முதலாவது ‘யுவான்லாய்’. இதற்கு இரண்டு பொருள். ‘முதலில், ஆரம்பத்தில்’ என்பது ஒன்று. ‘ஓ, விஷயம் இதுதானா!’ என்று உண்மை தெரியவரும்போது வாயில் வருவது இன்னொன்று. மாணவர்கள் முதல் பொருளுக்கான ‘ஒரிஜினலி’யை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவதற்கும் அதையே போட்டுவிடுவார்கள். சாவியை வீடெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் பையிலேயே கண்டெடுத்த ஒரு பெண்மணி சொன்னது: ‘ஒரிஜினலி இட் இஸ் இன் மை பேக்!’ ஆங்கிலேயர் கேட்டால், முதலில் பையில் இருந்ததாம், பிறகு எங்கே போனது என்று யோசிப்பார். அவர் சொல்ல வந்தது ‘இட் டர்ன்ட் அவுட்’. நாம் ‘கடைசியில் பார்த்தால் பையிலேயே இருக்கிறது’ என்போமே, அந்தப் ‘பார்த்தால்’தான் இந்த ‘டர்ன்ட் அவுட்’. தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது ‘ஜியேகுவோ’. அகராதியில் ‘முடிவு, விளைவு’. பேச்சில் அதன் வேலை வேறு: ‘இவ்வளவு செய்தேன், கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா?’ மாணவர் எழுதுவது இப்படி: இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ‘ஆஸ் எ ரிசல்ட்’ அவன் வரவில்லை. காத்திருந்ததால்தான் அவன் வரவில்லை என்றாகிவிட்டது. பாவம், அந்த நண்பன் எங்கேயோ ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தானா? இங்கே ‘பட் இன் தி எண்ட்’ போதும். கொஞ்சம் தேறியவர்களுக்கு ‘ஒன்லி டு’ சொல்லிக்கொடுங்கள்: ஓடிப்போய் நிலையத்தை அடைந்தேன், ‘ஒன்லி டு ஃபைண்ட்’ ரயில் போய்விட்டது. இதில் ருசி கண்டவர்கள் விடமாட்டார்கள்.

மூன்றாவதாக ‘யீவாய்’ பற்றியும் எழுத வேண்டும். இப்போது வேலைக்குப் போகிறேன்.

பிப்ரவரி 7

‘யீவாய்’. எதிர்பாராதது, விபத்து, இரண்டுக்கும் அதே சொல். காப்பீட்டு ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு வரையறை வரும்: வெளியிலிருந்து வந்தது, திடீரென நேர்ந்தது, விரும்பிச் செய்யாதது, நோயால் வராதது. ஒரு மாணவர் தன் காப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்து காட்டியபோது இந்த நான்கு நிபந்தனைகளையும் பார்த்தேன். பாடநூல் எழுதுபவர்கள் அந்த ஒப்பந்தங்களை எழுதுபவர்களிடம் பயிற்சிக்குப் போகலாம்.

வம்பு எங்கே வருகிறது என்றால், நல்ல செய்தியிலும் ‘ஆக்சிடென்ட்’ புகுந்துவிடுகிறது. ‘ஐ ஆக்சிடென்ட்லி மெட் மை டீச்சர்.’ முதலாவது, அது ‘ஆக்சிடென்டலி’. இரண்டாவது, திருத்திய பிறகும் நன்றாக இல்லை. கைதவறி ஆசிரியரைச் சந்தித்தது போல ஒலிக்கிறது. ‘ரான் இன்டு’ என்பதே மக்கள் சொல்வது. ஆனால் அதைக் கற்றுக்கொடுத்த அன்று ஒருவர், “ஓடிப்போய் மோத வேண்டுமா?” என்று கேட்டார். கார் மோதினாலும் அதே ‘ரான் இன்டு’தான் என்று சொல்லி வைத்தேன், குழப்பம் கூடியது.

பிப்ரவரி 7, இரவு

“தற்செயலாகச் சந்தித்தால் சீனர்கள் விதி என்று சொல்வார்களே” என்று பினாங்கு நண்பர் எழுதியிருக்கிறார். ஆமாம், ‘யுவான்ஃபென்’. யாரோ இருவர் ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலே யுவான்ஃபென் என்பார்கள். மாணவர்கள் இதை ‘ஃபேட்’ என்று பெயர்த்து, முதல் நாள் பார்த்த சக ஊழியரிடம் ‘இட் இஸ் அவர் ஃபேட்’ என்று சொல்லிவைக்கிறார்கள். அந்த ஊழியர் பெண்ணாக இருந்துவிட்டால் வேறு வினை வேண்டாம். நமக்கோ விட்டகுறை தொட்டகுறை என்று சொல்லிப் பழக்கம் இருப்பதால் சட்டென்று விளங்குகிறது. ஆங்கிலத்தில் அதை விட்டுவிட்டு ‘வாட் எ கோஇன்சிடென்ஸ்’ என்று புன்னகைத்தால் போதும்.

பிப்ரவரி 9

நாளை அவர்களுக்குப் புத்தாண்டு. வகுப்பு இல்லை. கடைசி வகுப்பில் ஊருக்குப் போகும் பயணக் கதைகளைச் சொல்லச் சொன்னேன். ஒருவர் பயணத் திட்டமெல்லாம் பாழானதைச் சொல்லிவிட்டு, ‘பிளான் கேனாட் கேட்ச் அப் வித் சேஞ்ச்’ என்று முடித்தார். மாற்றத்தின் வேகத்துக்குத் திட்டம் ஈடுகொடுக்காது என்ற அவர்களுடைய வழக்கு. இலக்கணத்தைத் திருத்த மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். ‘திங்ஸ் டிடின்ட் கோ ஆஸ் பிளான்ட்’ என்று கரும்பலகையில் எழுதினேன்தான். அவருடையதே நன்றாக இருந்தது.

பிப்ரவரி 17

விடுமுறையில் நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன.

‘ஐ ஆம் வெரி சர்ப்ரைசிங்’ என்பதை எப்படித் திருத்துவது? ‘எட்’, ‘இங்’ விதியை எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. சீனத்தில் ‘லிங் ரென்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. ‘ஆளை அப்படி ஆக்குகிற’ என்று பொருள். வியப்பில் ஆழ்த்துகிற செய்தி, அலுப்பூட்டுகிற கூட்டம் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போடலாம். லிங் ரென் போட முடிகிற இடத்தில் ‘இங்’, முடியாத இடத்தில் ‘எட்’. இந்த ஒரு வழி, நான் இதுவரை பார்த்த எல்லா விளக்கப் படங்களையும்விட வேகமாக வேலை செய்கிறது.

‘சர்ப்ரைஸ்’ என்றால் பரிசு, பிறந்தநாள், பூங்கொத்து என்றே நினைக்கிறார்களே? ஆமாம், ‘ஜிங்சீ’யின் வேலை அது. அதில் வரும் ‘சீ’ என்றால் மகிழ்ச்சி. அதற்கு எதிராக ‘ஜிங்சியா’ இருக்கிறது, அதில் அச்சம். ‘ஜிங்சீ கொடுக்கப்போகிறாய் என்று பார்த்தால் ஜிங்சியா கொடுத்துவிட்டாயே’ என்பது அவர்களுக்குள் ஓயாத கேலி. ஆங்கிலச் ‘சர்ப்ரைஸ்’ இரண்டுக்கும் பொது. வீட்டு உரிமையாளர், ‘ஐ ஹாவ் எ சர்ப்ரைஸ் ஃபார் யூ’ என்று சொல்லிவிட்டு வாடகையைக் கூட்டலாம்.

பிப்ரவரி 18

நேற்று விட்டது. ‘ஹேப்பன்’. இது தனி இம்சை.

‘தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்’ என்று எழுதுவார்கள். விபத்து தானாக எதையும் செய்யவில்லையே, அதற்கு நேர்ந்தது என்றுதானே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் உள்ளுணர்வு. தர்க்கம் சரி, ஆங்கிலம் தவறு. இன்னொரு வடிவம்: ‘யெஸ்டர்டே ஹேப்பண்ட் எ கார் ஆக்சிடென்ட்’. இதற்குக் காரணம் சீன வாக்கிய வரிசை. ‘ஃபாஷெங்’ என்ற வினை முன்னால் வந்து, நடந்த சங்கதி பின்னால் வரலாம். புதிய செய்தியைக் கடைசியில் வைப்பது அவர்கள் வழக்கம். ஆங்கிலத்திலும் புதிய செய்தியைக் கடைசிக்குத் தள்ள ஒரு வழி இருக்கிறது: ‘தேர் வாஸ் என் ஆக்சிடென்ட்’. அதைக் காட்டிவிட்டால் ‘ஹேப்பன்’ தானாகக் குறையும். விதி சொல்லித் திருத்துவதைவிட, அவர்கள் மனத்தில் ஏற்கெனவே உள்ள வரிசைக்கு ஏற்ற ஆங்கிலத்தைத் தேடிக் கொடுப்பதே மேல்.

பிப்ரவரி 21

சீனத்தில் நெருக்கடி என்ற சொல்லே ஆபத்தும் வாய்ப்பும் சேர்ந்தது, ஆகையால் அவர்கள் எதிர்பாராததைக் கண்டு அஞ்சமாட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் நம்மை விடமாட்டார்கள் போலிருக்கிறது. ‘வெய்ஜி’யில் ‘வெய்’ ஆபத்துதான். ‘ஜி’ இங்கே வாய்ப்பு இல்லை. ஒரு விஷயம் திரும்புகிற முக்கியமான கணம். வாய்ப்புக்கு ‘ஜிஹுய்’ என்ற வேறு சொல் உண்டு, அதிலும் இந்த ‘ஜி’ இருப்பதால் வந்த மயக்கம். ஜான் கென்னடி 1959இல் ஒரு உரையில் இதைச் சொன்னது பரவலுக்குப் பெரிதும் உதவியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சீன மொழிப் பேராசிரியர் விக்டர் மேர் நீண்ட கட்டுரை எழுதி மறுத்தார். கென்னடியின் மேடை எங்கே, பேராசிரியரின் கட்டுரை எங்கே.

என் மாணவர்களிடம் கேட்டேன். “வெய்ஜி என்றால் வெய்ஜி. வேலை போகும்” என்றார்கள்.

பிப்ரவரி 25

தேர்வைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. மேலே வாக்கிய அமைப்பைக் கற்றுக்கொடுங்கள் என்று சொன்னேன். அதையும் உருப்போட வைத்துக் கெடுக்க முடியும் என்பதைப் பார்த்துவிட்டேன்.

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான ‘காவ்காவ்’ ஆங்கிலத் தாளில் ஒரு கேள்வி: ஒரு கதையின் முற்பகுதியைக் கொடுப்பார்கள். இரண்டு பத்திகளின் முதல் வரிகளையும் கொடுப்பார்கள். ஏறத்தாழ 150 சொற்களில் மாணவர் கதையை முடிக்க வேண்டும், 25 மதிப்பெண். 2016இல் ஜெஜியாங் மாகாணத்தில் தொடங்கியது, பிறகு பல மாகாணங்களுக்குப் பரவியது. கதை என்றால் திருப்பம் வேண்டுமே, அதனால் பிள்ளைகள் திருப்பங்களைக் கட்டுக் கட்டாக மனப்பாடம் செய்கிறார்கள்.

வகுப்பில் ஒரு அம்மா ஹாங்ஜோவில் படிக்கும் தன் மூத்த மகனின் குறிப்பேட்டைக் கைப்பேசியில் காட்டினார். இடப்பக்கம் சீனம், வலப்பக்கம் ஆங்கிலம். பயம், கோபம், வியப்பு என்று தலைப்புகள். வியப்பின் கீழ்: வாயடைத்து நின்றேன், கண்கள் விரிந்தன, நின்ற இடத்தில் உறைந்தேன், பீதி அலையாக எழுந்து என்னை மூழ்கடித்தது. ஒவ்வொன்றும் திருத்தமான ஆங்கிலம். பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியரின் கட்டளை: பத்திக்குக் குறைந்தது இரண்டு போட வேண்டும். அவன் எழுதிய கதையில் காணாமல்போன நாய்க்குட்டி கிடைக்கிறது, பீதி அலையாக எழுகிறது. நாய் கிடைத்ததற்கு எதற்குப் பீதி? அட்டவணையில் அடுத்தது அதுதான்.

ஆனாலும் அவனைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. ஆயிரக்கணக்கான தாள்களைத் திருத்துகிற கூடத்தில், ‘வென்’ என்ற ஒரு சொல்லின் நயத்தை நிறுத்தி நிதானித்து யார் ரசிக்கப்போகிறார்கள்? உருப்போட்ட வரி கண்ணில் படும், மதிப்பெண் விழும். பிள்ளை கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறான். பிரச்சினை, இருபது வருடம் கழித்து அவனே என்னைப் போன்றவரிடம் வந்து உட்காரும்போது, பஸ் தாமதமானதைச் சொல்லவும் அலை எழும்.

ஆங்கிலத் தகுதிச் சோதனையான ஐஇஎல்டிஎஸின் பேச்சுத் தேர்வும் இப்படித்தான். அவர்கள் அதை ‘யாஸி’ என்பார்கள். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை, ஒரு நிமிடம் யோசிக்க, இரண்டு நிமிடம் வரை பேச. எதிர்பாராத நிகழ்வைப் பற்றிய அட்டைக்கு ஆயத்தப் பதில்கள் விற்பனைக்கே இருக்கின்றன. எதிர்பாராததை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்வது என்ற வேடிக்கை அவர்களுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள்.

பிப்ரவரி 26

யாழ்ப்பாணத்து நண்பர் ‘செரன்டிபிட்டி’யைச் சேர்க்கச் சொல்கிறார், எதேச்சையாக நல்லது கிடைப்பதற்கான ஆங்கிலச் சொல். பிறந்த மண் பாசம். ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் 1754இல் ஒரு கடிதத்தில் உருவாக்கியது. செரன்டிப் நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய பழைய கதை அவருக்கு நினைவுக்கு வந்தது. செரன்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதைப் பார்த்து, போன விலங்குக்கு ஒரு கண் இல்லை என்று கண்டுபிடிப்பார்களே, அவர்கள்தாம். எதேச்சையும் கூர்மையும் சேர வேண்டும் என்பது வால்போலின் கருத்து. இன்று கூர்மை உதிர்ந்து எதேச்சை மட்டும் மிஞ்சியிருக்கிறது. இலங்கைக்காரர் பெருமைப்படலாம். என் வகுப்புக்கு வேண்டாம். அந்தச் சொல்லை உச்சரித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

மார்ச் 2

‘ஹாஃப்வே கேம் அவுட் செங் யாவ்ஜின்’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். யார் இந்தச் செங் யாவ்ஜின் என்று கேட்டால் வகுப்பே கூச்சலிட்டு விளக்கியது: தாங் வம்சத்தின் தொடக்க காலத் தளபதி, கதைகளில் கோடரியோடு பாதி வழியில் பாய்ந்து மறிப்பவர். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காரியத்தில் யாராவது குறுக்கே நுழைந்தால் அவர் பெயரைச் சொல்வார்கள். சிவபூஜையில் கரடி! நான் கரடிக் கதையைச் சொன்னேன். ஒரு மணி நேரம் செங் யாவ்ஜினும் கரடியும் ஓடினார்கள். ஆங்கிலத்துக்கு ‘அவுட் ஆஃப் நோவேர்’ என்று ஒன்றை ஒப்புக்கு எழுதிப்போட்டேன்.

இதையொட்டி இன்னொன்று. தெளிந்த வானத்தில் இடி என்ற அவர்கள் வழக்கு கெட்ட செய்திக்கு மட்டும். நாம் தலையில் இடி விழுந்தது என்பது போல. அகராதி அதை ‘போல்ட் ஃப்ரம் தி புளூ’ என்று காட்டும். அதனால் ‘அவுட் ஆஃப் தி புளூ’ என்றாலும் சாவுச் செய்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய நண்பன் ‘அவுட் ஆஃப் தி புளூ’ அழைத்தான் என்றால் முகம் வாடுகிறது. நல்லதுக்கும் வரும் என்று சொல்லிவிடுங்கள்.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ‘வென்’ வேலை செய்கிறதாம், ‘டர்ன்ட் அவுட்’டும் வந்துவிட்டதாம், அடுத்து என்ன என்கிறார்.

‘ஹேப்பன் டு’ வையுங்கள், முடிந்தால் ‘எண்ட் அப்’பும். பிறகு ‘ஷூர் இனஃப்’. அதுதான் குவோரானுக்கு அசல் ஜோடி, கேட்டதும் பிடித்துக்கொள்வார்கள். ‘ஜூரான்’ வரும் இடத்தில் ‘ஆக்சுவலி’யை வினைக்கு முன்னால் போட்டு அழுத்திச் சொல்லப் பழக்குங்கள்: ‘ஹி ஆக்சுவலி கேம்!’ எழுத்தில் சுமார்தான், வாயில் கச்சிதம். வந்தவன் போயும் போயும் அவனா என்கிற எரிச்சலுக்கு ‘ஆஃப் ஆல் பீப்பிள்’.

‘சம்ஹவ்’வை மட்டும் தள்ளிப்போடுங்கள். ‘எப்படி என்று தெரியவில்லை’ என்று பொருள்படும் அவர்களுடைய ‘பூ ஜி ஸென்ம த’வோடு அது அப்படியே பொருந்துகிறது. பொருந்துவதால்தான் சொல்கிறேன். போன பருவத்தில் ஒரு வகுப்புக்குச் சீக்கிரமே கொடுத்தேன். இப்போது அங்கே ‘சம்ஹவ்’ மழை பெய்கிறது, ‘சம்ஹவ்’ பசிக்கிறது.